பகல் தூக்கத்துக்குக் காவல்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் முதலில் விசாரித்துக்கொள்வது தூக்கத்தைத்தான். சாப்பாடு, பிள்ளைகள் எல்லாம் அப்புறம். மூன்று மணிக்கே முழிப்பு வந்துவிடுகிறது என்பார் ஒருவர். மாத்திரை போட்டும் கண் அடைக்கவில்லை என்பார் இன்னொருவர். என் பங்குக்கு நானும் சொல்வேன். முப்பத்தாறு வருடம் அலுவலகத்துக்கு ரயிலில் போய் வந்த உடம்பு இது. ஓய்வு பெற்று ஏழு வருடமாகியும் நாலரைக்கு எழுந்து உட்கார்ந்துகொண்டு, எந்த வண்டியைப் பிடிக்கவேண்டும் என்று யோசிக்கிறது. வேலை நின்றால் களைப்பும் நின்றுவிடும் என்று நம்பியிருந்தேன். அது நிற்கவில்லை. அதனால்தான் உங்களிடம் இதைச் சொல்லத் தோன்றுகிறது. எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, எங்கள் வீட்டில் ஒரு கோடையிலிருந்து புரட்டாசி வரைக்கும், எல்லாமே தூக்கத்தைச் சுற்றித்தான் நடந்தது.

கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் ஏரியை ஒட்டிய ஊர் எங்களுடையது. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா கல்யாணமாகும் வரை அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். சவுக்குத் தோப்பை வெட்டிவிட்டு இரும்புக் கம்பி செய்யும் ஆலை ஒன்று வந்தபோது, ஊரிலிருந்து முதலில் போன ஏழு பேரில் அவரும் ஒருவர். அதற்கு முன்னால் அவரை வேலைக்குக் கூப்பிட ஓர் ஆள் வந்து, வேலிக்கு வெளியே நின்று "டேய்" என்று கத்துவான். ஆலைக்குப் போன பிறகு அவரைக் கூப்பிட்டது சங்கு. "சங்கு எல்லாரையும் ஒரே மாதிரிதான் கூப்புடும்" என்று நைனா சொல்வார். காக்கிச் சட்டையை அவர் மடித்துவைக்கும் விதத்திலேயே அந்தப் பெருமை தெரியும். எண் பொறித்த ஒரு பித்தளை வில்லை கொடுத்திருந்தார்கள். அதைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக வைத்திருப்பார்.

அந்தக் கோடையில் உலைப் பக்கம் வேலை பார்த்த ஒருவர் கை வெந்துபோய்ப் படுத்துவிட்டார். அவர் இடத்துக்கும் சேர்த்து நைனா இரவு ஷிஃப்ட் பார்க்கவேண்டும் என்று மேஸ்திரி கேட்டார். ஒரு வாரத்துக்கு என்று ஆரம்பித்தது மாதக்கணக்கில் நீண்டது. சில நாள் இரவு முடிந்ததும் அப்படியே காலை ஷிஃப்ட்டுக்கும் நிற்கவைத்துவிடுவார்கள். முடியாது என்று சொல்லத் தெரியாத மனுஷர். தவிர, ஊரில் அவரை "ரெண்டு ஷிஃப்ட்டு பாக்குற ஆளு" என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். அந்தப் பேச்சு அவருக்குப் பிடித்திருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

பிரச்சினை பகலில்தான். எங்கள் வீடு ஒற்றை அறை, கூரை வீடு. அந்த அறையில்தான் அடுப்பு, அந்த அறையில்தான் பாய். காலை ஏழரைக்கு நைனா வந்து, கூழ் குடித்துவிட்டுப் படுப்பார். சித்திரை வெயில் கூரையின் ஓட்டைகள் வழியே தரை முழுக்கக் காசு காசாக விழும். அம்மா ஏணி போட்டு ஏறி ஒவ்வோர் ஓட்டையிலும் பனையோலைத் துண்டைச் செருகினாள். ஆலையில் கொடுத்த கறுப்புக் கம்பளியை ஜன்னலில் தொங்கவிட்டாள். வாசலில் நனைத்த கோணிச் சாக்கு. நைனாவின் காதுக்கு எண்ணெயில் தோய்த்த பஞ்சு. அந்த இருட்டில் ஈரச் சாக்கு வாசனையும் அவர் உடம்பிலிருந்து வரும் கரி வாசனையும் கலந்திருக்கும். இன்றைக்கும் எங்காவது ஈரச் சாக்கை முகர்ந்தால் நான் என்னையறியாமல் அடி எடுத்து மெதுவாக வைக்கிறேன்.

வீட்டுக்குள்ளே அடைத்தாகிவிட்டது. வெளியே என்ன செய்வது? பக்கத்து வீட்டு அத்தையின் சேவல் நேரங்காலம் பார்க்காமல் கூவும். அம்மா அந்த அத்தைக்கு மாவு ஆட்டிக் கொடுத்து, பகலில் சேவலைக் கூடை போட்டு மூடிவைக்கச் சம்மதிக்கவைத்தாள். பால் ஐஸ் வண்டிக்காரர் பதினோரு மணிக்கு மணி அடித்துக்கொண்டு வருவார். அம்மா தெருமுனையிலேயே அவரை மறித்து ஒரு சொம்பு மோர் கொடுப்பாள். அவர் மோரைக் குடித்துவிட்டு, மணியின் நாக்கை விரலால் பிடித்துக்கொண்டு, எங்கள் வீட்டைத் தாண்டும் வரை திருடன் மாதிரி வண்டியைத் தள்ளிக்கொண்டு போவார். மிளகாய் இடிக்கிறவர்கள் எங்கள் அம்மாவைக் கண்டாலே உலக்கையைச் சாய்த்துவிட்டு, "போம்மே, உம் புருசன் எய்ந்த பெறவுதான் எங்க ஊட்ல கொழம்பு" என்று சலித்துக்கொள்வார்கள்.

அம்மா தண்ணீருக்கோ விறகுக்கோ போகும் நேரத்தில் காவல் என் பொறுப்பு. பள்ளிக்கூடம் லீவு. வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு நாயை விரட்டவேண்டும், ஆடு கத்தினால் அவிழ்த்துத் தூரமாகக் கட்டவேண்டும், ஐந்து வயதுத் தம்பியைப் பேசவிடாமல் வைத்திருக்கவேண்டும். ஒருநாள் தம்பி எங்கிருந்தோ ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்து, வயிற்றைத் தள்ளிக்கொண்டு, குச்சியால் அதைத் தட்டித் தட்டி மேஸ்திரி மாதிரி நடந்து காட்டினான். நைனா அப்படி நடித்துக் காட்டியதை அவன் பார்த்திருக்கிறான். நான் அவனைத் தடுக்காமல் சிரித்துவிட்டேன். அடக்க அடக்கச் சிரிப்பு பெரிதானது.

சாக்கு விலகியது. நைனா நின்றிருந்தார். கண் இரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தன. கையிலிருந்த பித்தளைச் சொம்பை வீசினார். அது என் புருவத்தின் மேல் பட்டு, படியில் உருண்டு, வாசலில் போய் நின்றது. அதுவரை நைனா எங்களைக் கிள்ளியதுகூட இல்லை. ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அவர் சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிஜமாகவே தெரியாதவர் போல, "யாரு போட்டாங்க?" என்று கேட்டார்.

அவர் படியில் உட்கார்ந்து கைலி முனையால் என் நெற்றியை அழுத்திப் பிடித்தார். அம்மா குடத்தோடு வந்து சேர்ந்தாள். ரத்தத்தைப் பார்த்தாள், விழித்திருக்கும் நைனாவைப் பார்த்தாள், குடத்தை இறக்கிவைத்தாள், என் முதுகில் ஓர் அறை விட்டாள்.

"உன்ன எதுக்குடி ஒக்கார வெச்சிட்டுப் போனேன்?"

ரொம்ப நாள் வரைக்கும் அதை நான் மன்னிக்கவில்லை.

அதற்கப்புறம் நைனாவுக்குத் தூக்கம் வருவதே நின்றுபோனது. அறை இருட்டாக இருக்கும், ஊர் அமைதியாக இருக்கும், அவர் கண்ணைத் திறந்துகொண்டு கூரையைப் பார்த்தபடி படுத்திருப்பார். சட்டையை உட்புறம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு கிளம்புவார். கூழில் இரண்டு தடவை உப்புப் போடுவார். யாரும் கேட்காதபோது "இழு, இழு, வுடு" என்பார். ஆலையில் கம்பியை இழுக்கும்போது சொல்கிற வார்த்தைகள் அவை. காத்து கருப்பு அண்டியிருக்கும் என்று ஒரு தாத்தாவை அழைத்துவந்து வேப்பிலை அடித்தார்கள். அன்று அபூர்வமாக நைனாவுக்குக் கண் அசந்திருந்தது. வேப்பிலை அடிப்பதற்காக அவரை எழுப்பித்தான் உட்காரவைத்தார்கள்.

ஆடி பிறந்தது. அம்மனுக்குக் கூழ் ஊற்றும் பத்து நாளும் கோயில் வேப்பமரத்தில் புனல் ஒலிபெருக்கியைக் கட்டிப் பாட்டுப் போடுவார்கள். காலை ஐந்துக்கு ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார்கள். எங்கள் வீட்டுக்கும் கோயிலுக்கும் நடுவே நாலே வீடு. இரண்டாம் நாள் அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு கோயில் தலைவரிடம் போனாள்.

"தலைவரே, பகல்ல மட்டும் ரவ சத்தத்த கம்மி பண்ணா நல்லாருக்கும். அவரு நைட்டு முச்சூடும் நெருப்புல நின்னுட்டு வர்றாரு."

"இன்னாமே, ஆத்தா திருவிழாவுக்கே நீ டைம் சொல்றியா? ஊர்ல உம் புருசன் மட்டும்தான் வேலைக்குப் போறானா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மா போகவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "ஆத்தாளையும் ரவ நேரம் தூங்க வுடுங்க தலைவரே. அவளும் பொம்பளதான" என்றாள்.

சிரிப்பு நின்றது. தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கோயிலுக்குள் போனார். ஆனால் மதியம் ஒரு பையன் மரத்தில் ஏறி, புனலை ஏரிப் பக்கமாகத் திருப்பிக் கட்டினான். ஒரு நாள் முழுக்கப் பாட்டு தண்ணீர்க் கோழிகளுக்குப் போனது. மறுநாள் யாரோ அதை மறுபடி ஊர்ப் பக்கம் திருப்பிவிட்டார்கள்.

ஆடி கடைசியில் நைனா சைக்கிளோடு விழுந்தார். காலை நேரம். ஏரிக்கரை மேல் வந்துகொண்டிருந்தவர், வளைவில் திரும்பாமல் நேராக மதகுக் கால்வாய்க்குள் போய்விட்டார். நடவுக்குப் போன பெண்கள் பார்த்துக் கத்தியிருக்கிறார்கள். நாலு பேர் தூக்கிக்கொண்டுவந்து வாசலில் கிடத்தினார்கள். உடம்பெல்லாம் சேறு, வலது தோள் ஒரு பக்கமாகத் தொங்கியது. கூட்டம் சேர்ந்துவிட்டது. "காத்தாலயே ஏத்திக்கினு வந்துட்டான்யா" என்று ஒரு குரல் சொன்னது. "அதான பாத்தேன். கண்ணப் பாரு, எப்பிடி செவந்து கெடக்குதுன்னு" என்றது இன்னொன்று.

அம்மா அப்போது ரைஸ் மில்லில் நெல் அவிக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். செய்தி கேட்டு ஓடிவந்தாள். தலையெல்லாம் உமி. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நைனாவின் பக்கத்தில் மண்டியிட்டாள். தோளைத் தொடுவாள் என்று நினைத்தேன். அவள் முகத்தை அவர் வாய்க்கருகில் கொண்டுபோனாள்.

"ஊதுய்யா" என்றாள்.

நைனா அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் எப்படிச் சொல்வது? அவமானம் இல்லை, கோபமும் இல்லை. நீயுமா என்று கேட்கிற தெம்புகூட இல்லாத பார்வை. பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்து ஊதினார்.

அம்மா எழுந்து நின்று, "குடிக்கல" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"தூங்கிட்டேன்மே" என்றார் நைனா. "சைக்கிள் மேலயே தூங்கிட்டேன். நல்ல தூக்கம்."

அவரைச் சந்தேகப்பட்டு முகர்ந்தாள் என்றுதான் ரொம்ப காலம் நினைத்திருந்தேன். இந்த வயதில் வேறு மாதிரியும் தோன்றுகிறது. ஊருக்குமுன் அவர் பேரைக் காப்பாற்ற வேறு வழி தெரியாமல் செய்திருக்கலாம். அவளிடம் கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை.

அரசாங்க ஆஸ்பத்திரியில் காறை எலும்பு முறிந்திருக்கிறது என்று கட்டுப் போட்டார்கள். டாக்டரம்மா சின்ன வயதுக்காரர். கட்டுப் போட்டு முடித்ததும் நைனாவின் கண் இமையை விரலால் விலக்கிப் பார்த்தார்.

"கடைசியா எப்போ நல்லாத் தூங்கினீங்க?"

நைனா அம்மாவைப் பார்த்தார்.

"பகல்ல தூங்குவாருமா" என்றாள் அம்மா.

"நான் அவரைக் கேட்டேன்."

"நெனப்பு இல்லம்மா" என்றார் நைனா. அதைச் சொல்லும்போது அவர் கண்ணிலிருந்து தண்ணீர் தானாக வழிந்தது. அவர் அழுததாகத் தோன்றவில்லை.

டாக்டரம்மா ஒரு சீட்டில் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தார். அம்மா அதை மருந்து கொடுக்கிற ஜன்னலில் நீட்டினாள். கம்பவுண்டர் ஒரு மாத்திரைப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுச் சீட்டைத் திருப்பித் தந்தார். கீழே இன்னும் ஒன்று எழுதியிருக்கிறதே என்று அம்மா விரல் வைத்துக் காட்டினாள்.

"அது மருந்து இல்லம்மா. ரெஸ்ட்டு. இருவத்தோரு நாளு."

"அது எந்த ஜன்னல்ல குடுப்பாங்க?"

கம்பவுண்டர் சிரிக்கவில்லை. வயதான மனிதர். "இங்க ஸ்டாக்கு இல்லம்மா. சத்தம் இல்லாத எடமா பாத்து இட்டுக்கினு போ" என்றார்.

அப்படித்தான் பழவேற்காட்டிலிருந்த பெரியம்மா வீட்டுக்குப் போனோம். பெரியம்மா அம்மாவுக்கு மூத்தவள். பெரியப்பா அங்கே இறால் வாங்குகிற கம்பெனியில் ஐஸ் உடைக்கும் வேலையிலிருந்தார். பொன்னேரியில் பஸ் மாறி, உப்புக்காற்று முகத்தில் அடிக்க ஆரம்பித்ததும் தம்பி சந்தோஷத்தில் கத்தினான். நான் பழக்கத்தில் அவன் வாயைப் பொத்தினேன்.

மீன் பிடிக்கிறவர்களின் குடியிருப்பை ஒட்டி, மணலில் தனியாக நின்றது பெரியம்மாவின் குடிசை. அங்கே நான் முதலில் கவனித்தது பகலின் அமைதியைத்தான். இரவெல்லாம் ஏரியில் வலை போட்டுவிட்டு விடியலில் திரும்பும் ஆண்கள், மீனைக் கொடுத்துவிட்டு, கஞ்சி குடித்துவிட்டு, கவிழ்த்துப் போட்ட படகு நிழலிலும் பூவரச மரத்தடியிலும் வரிசையாகப் படுத்துத் தூங்குவார்கள். யாரும் அதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லவில்லை. யாருக்கும் காவல் தேவைப்படவில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகள் யாரும் சொல்லாமலே தள்ளிப்போய்த் தண்ணீர் ஓரத்தில் விளையாடினார்கள். பகலில் தூங்குவதும் வேலையில் ஒரு பாகம் என்று அந்த ஊருக்குத் தெரிந்திருந்தது.

முதல் இரண்டு நாள் நைனா தூங்கவில்லை. சங்கு ஊதும் நேரமெல்லாம் எழுந்து உட்கார்ந்துவிடுவார். அங்கே சங்கு இல்லை, ஆனாலும் அவருக்குக் கேட்டது. மூன்றாம் நாள் காலை பெரியப்பா அவரைக் கூட்டிப்போய் அந்த ஆண்களுக்கு நடுவே ஒரு பாயை விரித்துக் கொடுத்தார். "இவுங்களோட படு. ஒருத்தனப் பாத்து ஒருத்தனுக்குத் தூக்கம் வரும்" என்றார். எல்லாரும் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். நைனா கட்டுப் போட்ட தோளை மேலே வைத்துக்கொண்டு ஒருக்களித்துப் படுத்தார். மதியச் சாப்பாட்டுக்கு எழவில்லை. சாயங்காலமும் எழவில்லை. பெரியப்பாவும் இன்னொருவரும் பாயோடு தூக்கிக் குடிசைக்குள் போட்டார்கள், அப்போதும் எழவில்லை. மறுநாள் வெயில் ஏறிய பிறகு எழுந்து, நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு, என்னைக் கூப்பிட்டார். முகம் வேறு ஆளின் முகம் மாதிரி தெளிந்திருந்தது. என் புருவத்தைப் பார்த்தார். தழும்பின் மேல் விரலை வைத்தார்.

"இது இன்னாம்மா? எப்ப ஆச்சு?"

அம்மா அடுப்பு ஊதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"வுழுந்துட்டேன் நைனா" என்றேன்.

"பாத்து வெளையாடக் கூடாதா?" என்று தழும்பைத் தடவிக் கொடுத்தார். அவர் சாகும் வரை நான் விழுந்ததாகத்தான் நினைத்திருந்தார்.

நைனா இப்படித் தேறிக்கொண்டிருந்த நாட்களில் அம்மா ஓடிக்கொண்டேதான் இருந்தாள். விருந்தாளியாக வந்த வீட்டில் பாத்திரம் தேய்த்தாள், மீன் கழுவினாள், மணலைப் பெருக்கினாள், குடியிருப்பில் இன்னும் இரண்டு வீட்டுக்கும் சேர்த்துத் தண்ணீர் எடுத்தாள். ஒருநாள் பெரியம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"நீ இன்னாத்துக்குடி சுத்திக்கினே கீற? இங்க யாரு உன்ன வெரட்டுறாங்க?"

"ஒக்காந்தா தல சுத்துதுக்கா. ஓடிக்கினே இருந்தா தெரியல."

பெரியம்மா அவள் கையிலிருந்த துடைப்பத்தைப் பிடுங்கி எறிந்தாள். அம்மாவின் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டுபோய், குடிசைக்குப் பின்னால், காய்ந்த வலைகள் குவித்திருந்த நிழலில் உட்காரவைத்தாள். "படு. எய்ந்த, கால ஒடைப்பேன்" என்றாள். அம்மா ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது கேட்டது. பிறகு கேட்கவில்லை.

நான் தண்ணீர் ஓரத்திலிருந்து சிப்பி பொறுக்கிக்கொண்டு வந்தேன். அம்மாவிடம் காட்டுவதற்காகப் பின்பக்கம் போனேன். வலைகளுக்குப் பக்கத்தில் யாரோ ஒரு பெண் படுத்திருந்தாள். அம்மாவின் புடவை. ஒரு கை கன்னத்துக்கு அடியில், வாய் லேசாகத் திறந்திருந்தது. பாத வெடிப்புகளில் மில்லின் சாம்பல் ஏறிக் கறுத்திருந்தது. எனக்குத் தெரிந்த அம்மா நின்றுகொண்டிருப்பாள், குனிந்திருப்பாள், நடந்துகொண்டிருப்பாள். நாங்கள் தூங்கிய பிறகு படுத்து, விழிக்கும் முன்னால் எழுந்துவிடுவாள். பகல் வெளிச்சத்தில் கண்ணை மூடிக் கிடக்கும் அம்மாவை நான் பார்த்ததே இல்லை. முகத்தில் அந்தக் கண்டிப்பு இல்லை, அவசரம் இல்லை. என்னைவிடச் சின்னப் பெண்ணாகத் தெரிந்தாள்.

செத்துப்போய்விட்டாள் என்று நினைத்தேன். மூக்கருகில் விரலை வைத்துப் பார்த்தேன். கடல் காற்றில் மூச்சு தெரியவில்லை. "அம்மா" என்றேன். அசையவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினேன்.

கண் திறக்கும் முன்பே அவள் எழுந்து நின்றுவிட்டாள். அதை நான் இன்னும் மறக்கவில்லை. முதலில் உடம்பு நின்றது, பிறகுதான் கண் திறந்தது.

"இன்னாடி? நைனா எய்ந்துட்டாரா? தம்பி எங்க?"

"இங்கதான் கீறான்."

"பசிக்குதா?"

பயந்துவிட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "ம்" என்றேன். எனக்குப் பசியே இல்லை. அவள் கலைந்த கொண்டையை முடிந்துகொண்டு அடுப்பங்கரைக்குப் போனாள். படுத்து அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. பெரியம்மா வந்து காலியான இடத்தைப் பார்த்தாள், என் கையிலிருந்த சிப்பிகளைப் பார்த்தாள். "எய்ப்பிட்டியாடி" என்றாள். திட்டவில்லை. அதற்கப்புறம் நாங்கள் அங்கே இருந்த வரையில் அம்மா பகலில் படுக்கவில்லை. பெரியம்மாவும் வற்புறுத்தவில்லை.

இருபத்தோரு நாள் கழித்து ஊர் திரும்பினோம். தோள் சரியானதும் நைனா ஆலை வாசலில் மேஸ்திரியிடம், "இனிமே ஒரு ஷிஃப்ட்டுதான் சார்" என்று சொல்லிவிட்டார். ஆச்சரியம், மேஸ்திரி சரி என்று போய்விட்டார். அவ்வளவு சுலபமாகக் கிடைக்கிற விஷயத்தை முன்பே கேட்டிருக்கலாமே என்று நைனா பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் எழுபத்தெட்டு வரை இருந்தார். கடைசிவரை மதியம் ஒரு தூக்கம் போடாமல் இருந்ததில்லை.

புரட்டாசியில் ஒருநாள் ரைஸ் மில் களத்தில் நெல்லைக் காலால் கிளறிக்கொண்டே நடந்த அம்மா, வெயிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மற்றவர்கள் முதலில் கவனிக்கவில்லை. நெல்லில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் ஓடிவந்திருக்கிறார்கள். எங்களிடம் வயிற்றுவலி என்று சொன்னார்கள். நாலு மாதக் கரு அது என்பதும், பழவேற்காட்டில் தலை சுற்றியது ஏன் என்பதும் எனக்கே கல்யாணமான பிறகு பெரியம்மா சொல்லித்தான் தெரியும். அம்மாவுக்கே அப்போது தெரிந்திருந்ததா என்று கேட்டேன். "அவளுக்கு நாள் எண்ண எங்கடி நேரம் இருந்துது?" என்றாள் பெரியம்மா.

அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டரம்மா. அதே மாதிரி ஒரு சீட்டு. அம்மா இந்த முறை அதை எந்த ஜன்னலிலும் நீட்டவில்லை. வீட்டுக்கு வந்து, மடித்து, கூரை வாரையில் செருகிவைத்தாள். அடுத்த நாள் காலை குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனாள். "ரவ நாளு படேன்மே" என்றார் நைனா. "படுத்தா யாரு செய்வா?" என்றாள் அவள். நைனா நல்லவர்தான். ஆனால் எழுந்துபோய் அந்தக் குடத்தை வாங்கிக்கொள்ள அவருக்குத் தோன்றவில்லை. பத்து வயதுப் பெண்ணான எனக்கும் தோன்றவில்லை. கண்ணு பட்டுவிட்டது என்று ஊர் சொன்னது. ஜன்னலில் யாரும் கம்பளி கட்டவில்லை. ஐஸ் வண்டி மணி அடித்துக்கொண்டே தெருவில் போனது.

பின்னாளில் நைனா போன பிறகு அம்மா திருவள்ளூரில் என் வீட்டுக்கு வந்துவிட்டாள். காக்களூர் பக்கம் மாடி வீடு. எண்பதை நெருங்கும்போது குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் செய்தும் நடை வரவில்லை. கட்டிலோடு ஆகிவிட்டாள். அப்போதுதான் ஒரு புதுப் பழக்கம் வந்தது. மதியம் சாப்பாடு கொடுத்துவிட்டு நான் தட்டை எடுக்கும்போது கேட்பாள்:

"ரவ நேரம் கண்ண மூடிக்கட்டா?"

முதலில் சிரித்தேன். "இதெல்லாம் என்னம்மா கேட்டுக்கிட்டு" என்றேன். மறுநாளும் கேட்டாள். தினமும் கேட்டாள். யாரிடமோ அனுமதி கேட்கிற அந்தக் குரல் எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. நான் அப்போது இன்னும் வேலையில் இருந்தேன். லீவு போட்டுப் போட்டு அவளைப் பார்த்துக்கொண்டேன். இரவில் அவளைப் புரட்டிப் படுக்கவைக்க மூன்று தடவை எழவேண்டும். ஒருநாள் அவள் கேட்டதும், "தூங்குன்னா தூங்கேன்மா, என்னை ஏன் கேக்கற?" என்று கத்திவிட்டேன்.

அவள் கோபப்படவில்லை. என்னையே பார்த்தாள். "கண்ணு உள்ள போய்க் கெடக்குதேடி. நீயும் ரவ படு" என்றாள்.

துணி துவைக்கவேண்டும், அடுப்பில் பால் இருக்கிறது என்று ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து, கட்டிலுக்குக் கீழே வெறும் தரையில் படுத்தேன். ஒரு நிமிஷம் என்று நினைத்துத்தான் படுத்தேன்.

விழித்தபோது ஜன்னலில் வெயில் மஞ்சளாகியிருந்தது. யாரோ என் மேல் ஒரு துண்டைப் போர்த்தியிருந்தார்கள். மேலே பார்த்தேன். அம்மா கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்து வந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, மடித்த செய்தித்தாளை என் முகத்துக்கு மேலே மெதுவாக ஆட்டிக்கொண்டிருந்தாள். அந்த இடுப்போடு அவளால் எப்படி அவ்வளவு தூரம் நகர முடிந்தது என்று தெரியவில்லை.

"மணி இன்னாமா? ஏன் எழுப்பல?"

"நல்லாத் தூங்கிக்கினு இருந்த. ஈ மட்டும்தான் ரவ பேஜாரு பண்ணுச்சு."

"நீ தூங்கலியா?"

"எனக்கு இன்னாடி," என்றாள். "நான் படுத்துக்கினுதான கீறேன்."